மூன்றாமவர் சிக்கல்: பலர் ஆடும் கற்பனைச் சீட்டாட்டத்தில் கட்டமைப்பு உத்திகளின் மோதல் – ‘மேஜிக்’ கமாண்டர் வடிவத்தை முன்வைத்து

முன்னுரை

சீட்டாட்டங்களில் பெரும்பாலானவை ஒரு பொதுக்கட்டை நடுவில் வைத்து ஆடப்படுபவை. ரம்மியில் எடுக்கும் சீட்டும் கழிக்கும் சீட்டும் அப்பொதுக்கட்டுக்கு உரியவை. ‘முந்நூற்று நான்கு’ ஆட்டத்திலும் கலைக்கப்பட்ட ஒரு கட்டே எல்லோருக்கும் பகிரப்படுகிறது. கைக்கு வரும் சீட்டு ஊழின்பாற்படும். வந்ததைக் கொண்டு ஆடுவது ஆடுவோர் திறத்தின்பாற்படும். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் கற்பனைச் சீட்டாட்டம் இவ்விரண்டுக்கும் முன்னர் ஒரு கட்டத்தைச் சேர்த்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும், வெளியாகியுள்ள ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து தாமே தெரிந்தெடுத்த தனிக்கட்டோடு ஆட்டத்துக்கு வருகின்றனர். ஆகவே ஆட்டத்தின் ஒரு பகுதி சீட்டு கலைக்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இதை வடிவமைத்த ரிச்சர்டு கார்ஃபீல்டு சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது இங்குப் பொருத்தமான செய்தியாகும்.

இக்கட்டுரை, இவ்வாட்டத்தின் ‘கமாண்டர்’ என்னும் பலர் ஆடும் வடிவத்தில் கட்டமைப்பு உத்திகள் ஒன்றோடொன்று மோதும் முறையை விளக்குகிறது. இருவர் ஆட்டத்திலிருந்து பெறப்பட்ட உத்திப் பகுப்பு, மேசையில் நால்வர் அமரும்போது போதாமற்போகிறது. அப்போதாமைக்குக் காரணம், ஒவ்வொரு மோதலிலும் நேரடியாகப் பங்குகொள்ளாமல் அதனால் பயன்பெறும் மூன்றாமவர். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். ஆடுவோரிடையே வழங்கும் சொற்கள் ஒலிபெயர்ப்பாகவும், பொருள் விளங்க வேண்டிய இடங்களில் தமிழாக்கமாகவும் ஆளப்படுகின்றன.

ஆட்டத்தின் அமைப்பு

மேஜிக் ஆட்டத்தில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியின் நிலையில் இருக்கின்றனர். நிலச்சீட்டுகள் ‘மானா’ எனப்படும் மந்திர ஆற்றலைத் தருகின்றன. அவ்வாற்றலைச் செலவிட்டு உயிரினங்களைக் களத்தில் இறக்கலாம், மந்திரங்களை ஏவலாம். ஒருவர் தம் முறையில் பொதுவாக ஒரு நிலச்சீட்டை மட்டுமே இறக்க இயலும் என்பதால் ஆற்றல் படிப்படியாகவே வளர்கிறது. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்கள் உள. முறிமந்திரமும் சீட்டெடுப்பும் நீலத்துக்கும், விரைந்த தாக்குதல் சிவப்புக்கும், பேருயிரினங்களும் ஆற்றல் பெருக்கமும் பச்சைக்கும் சிறப்பாக உரியவை. இருவர் ஆடும் வழக்கமான வடிவத்தில் கட்டுக்குக் குறைந்தது 60 சீட்டுகள் வேண்டும். அடிப்படை நிலங்கள் தவிர எந்தச் சீட்டும் நான்கு படிகளுக்கு மேல் இடம்பெறலாகாது. தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள்.

கமாண்டர் வடிவம் நிறுவனத்தின் படைப்பன்று. அலாஸ்காவில் ஆடம் ஸ்டேலியும் அவர்தம் ஆட்டக்குழுவினரும் தொடங்கி வைத்த இதனை, ஆட்ட நடுவராக விளங்கிய ஷெல்டன் மெனெரி பிற நடுவர்களிடையே பரப்பினார். ‘எல்டர் டிராகன் ஹைலாண்டர்’ என்பது அதன் பழைய பெயர். 1994இல் வெளிவந்த ‘லெஜெண்ட்ஸ்’ தொகுதியின் ஐந்து முதுபறவைநாகங்களுள் ஒன்றைத் தலைமையாகக் கொண்டு கட்டை அமைத்ததால் முன்பாதிப் பெயர் வந்தது. எந்தச் சீட்டும் ஒரே படிதான் என்ற விதியால், ஒருவனே எஞ்ச வேண்டும் என்னும் கதையுடைய 1986ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயர் பின்பாதியாயிற்று. 2011இல் நிறுவனமே இவ்வடிவத்துக்கு ஆயத்தக் கட்டுகளை வெளியிட்டபோது ‘கமாண்டர்’ என்ற பெயர் நிலைபெற்றது.

இன்றைய விதிகளின்படி கட்டு 100 சீட்டுகள் கொண்டது. அவற்றுள் ஒன்று தலைமைச் சீட்டு. அடிப்படை நிலங்கள் தவிர எச்சீட்டும் இருமுறை வரலாகாது. தலைமைச் சீட்டின் நிறங்களுக்குப் புறம்பான சீட்டுகள் கட்டில் இடம்பெறா. உயிர்ப்புள்ளிகள் 40. தலைமைச் சீட்டு தனியிடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய இருக்கும். அது வீழ்ந்தாலும் அவ்விடத்துக்குத் திரும்பலாம். அங்கிருந்து மீண்டும் அழைக்கும் ஒவ்வொரு முறையும் 2 மானா கூடுதலாகச் செலவாகும். ஒரே தலைமைச் சீட்டால் 21 புள்ளி போர்த்தாக்கம் பெற்றவர், உயிர்ப்புள்ளி எஞ்சியிருப்பினும் தோற்றவராவார். முதுபறவைநாகங்களின் வலிமை ஏழு; மும்முறை தாக்கினால் இருபத்தொன்று.

இவ்வமைப்பின் விளைவுகளுள் ஒன்று தனியே சுட்டத்தக்கது. தலைமைச் சீட்டு திறந்திருப்பதால், ஆட்டம் தொடங்குமுன்னரே எதிரியின் உத்தியை ஓரளவு ஊகிக்கலாம். மறைவும் வெளிப்பாடும் பற்றிப் பின்னர்க் கூறப்படுவன இதனோடு தொடர்புடையன.

இருவர் ஆட்டம் தந்த பகுப்பு

இருவர் ஆட்டத்தில் கட்டுகளை நான்கு வகையாகப் பகுப்பது வழக்கு. சிறிய செலவில் உயிரினங்களை இறக்கி, எதிரி நிலைகொள்ளுமுன் அவர்தம் உயிர்ப்புள்ளிகளைத் தீர்ப்பது ‘அக்ரோ’ எனும் விரைதாக்கு உத்தி. எதிரியின் ஒவ்வொரு செயலையும் முறித்து, ஆட்டத்தை நீட்டி, பிற்பகுதியில் வெல்வது ‘கன்ட்ரோல்’ எனும் கட்டுப்பாட்டு உத்தி. தனித்தனியே எளியனவாகத் தோன்றும் இரண்டு மூன்று சீட்டுகளைச் சேர்த்து ஒரே முறையில் ஆட்டத்தை முடிப்பது ‘காம்போ’ எனும் இணைப்பு உத்தி. தனித்தனியே வலிமை வாய்ந்த சீட்டுகளால் சூழலுக்கேற்பத் தாக்கவும் தடுக்கவும் செய்வது ‘மிட்ரேஞ்ச்’ எனும் இடைநிலை உத்தி.

இப்பகுப்பின் நுட்பத்தை முதலில் தெளிவுறுத்தியவர் மைக் ஃப்ளோரஸ். 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில், இரு கட்டுகள் மோதும்போது அவற்றுள் எது தாக்குவது, எது தாங்குவது என்பதை ஆடுவோர் சரியாக உணராமையே தோல்விக்கு வழி என்று அவர் வாதிட்டார். ஒத்த இயல்புடைய இரு விரைதாக்குக் கட்டுகள் மோதினாலும் அவற்றுள் ஒன்று தாங்கும் நிலையை ஏற்றாக வேண்டும். இக்கருத்தின்படி உத்தி என்பது கட்டின் நிலைத்த குணமன்று. எதிர்க்கட்டோடு கொள்ளும் உறவால் தீர்மானிக்கப்படுவது.

புறப்பொருள் மரபை அறிந்தவர்க்கு இவ்விணைமுறை புதிதாகத் தோன்றாது. புறப்பொருள் வெண்பாமாலை வெட்சிக்குக் கரந்தையையும், வஞ்சிக்குக் காஞ்சியையும், உழிஞைக்கு நொச்சியையும் எதிர்நிலையில் வைக்கிறது. நிரை கவர்தலும் மீட்டலும், மதிலை முற்றுதலும் காத்தலும் ஒன்றையொன்று வரையறுக்கும் செயல்கள். ஃப்ளோரஸின் பகுப்பும் அதே தருக்கத்தில் இயங்குகிறது; இரண்டும் களத்தில் இரு தரப்பே உண்டு என்னும் கற்பிதத்தின்மேல் நிற்பன. ஒப்புமை இவ்வளவில் நிற்கத்தக்கது. அதனைத் திணைதோறும் துறைதோறும் நீட்டித்துச் சீட்டுகளைப் பொருத்திக் காட்டுவது எளிதாயினும் பயன் தராது. ஏனெனில் கமாண்டர் மேசையில் அக்கற்பிதமே உடைகிறது.

எண் மாறும்போது

முதலில் எளிய கணக்கு. இருவர் ஆட்டத்தில் விரைதாக்குக் கட்டு 20 புள்ளிகளைத் தீர்த்தால் போதும். நால்வர் ஆட்டத்தில் எதிரிகள் மூவர். அவர்தம் மொத்த உயிர்ப்புள்ளிகள் 120. சுமை ஆறு மடங்காகிறது. தொடக்கத்தில் கையில் பெறுவனவோ அதே ஏழு சீட்டுகள்தாம். ஒருவரை வேகமாக வீழ்த்தி முடிக்கும்போது தாக்கியவரின் கை வெறுமையாகியிருக்கும். மற்ற இருவரும் பெரும்பாலும் தொடப்படாதவராய் இருப்பர். தலைமைச் சீட்டொன்றின்மீதே எல்லா வலுவையும் ஏற்றி 21 புள்ளி விதியால் வெல்ல முயலும் ‘வோல்ட்ரான்’ உத்தி இச்சுமையை 63ஆகக் குறைக்கிறது. அதுவும் ஒவ்வொருவராகவே வீழ்த்த வேண்டியிருப்பதால் இடர்ப்பாடு முழுமையாக நீங்குவதில்லை.

கட்டுப்பாட்டு உத்தியின் இடர் இதனினும் ஆழமானது. இருவர் ஆட்டத்தில் ஒருவர் தம் சீட்டொன்றைச் செலவிட்டு எதிரியின் சீட்டொன்றை அழித்தால் கணக்கு நேராகும். இருவரும் ஒவ்வொன்று இழந்தனர். நால்வர் ஆட்டத்தில் முதலாமவர் இரண்டாமவரின் உயிரினத்தை அழித்தால் அவ்விருவரும் ஒவ்வொன்று இழக்கின்றனர். மூன்றாமவரும் நான்காமவரும் எதையும் இழப்பதில்லை. நால்வருள் இருவர் தாழ்ந்தனர் எனின் மற்ற இருவர் உயர்ந்தனர் என்பதே பொருள். இருவர் ஆட்டத்தில் நிகரான பரிமாற்றம் இங்கு அயலார்க்கு அளித்த கொடையாக மாறுகிறது. மேலும், ஒரு சுற்றில் தாம் இயல்பாக ஒரு சீட்டு எடுக்கும்போது எதிரிகள் மூவரும் சேர்ந்து மூன்று எடுக்கின்றனர். ஒன்றுக்கொன்று என முறித்துக்கொண்டே ஆட்டத்தைத் தாங்குவது எண்ணளவிலேயே இயலாதது.

இதனால் கட்டுப்பாட்டு உத்தி தன் கருவிகளை மாற்றிக்கொள்கிறது. ஒன்றை அழிக்கும் சீட்டுகள் குறைந்து, களத்தையே துடைக்கும் சீட்டுகள் பெருகுகின்றன. முதல் வெளியீட்டிலேயே இடம்பெற்ற ‘ராத் ஆஃப் காட்’ 4 மானாவுக்குக் களத்திலுள்ள எல்லா உயிரினங்களையும் அழிப்பது. எதிரிக்கு மும்மூன்று உயிரினங்கள் எனக் கொண்டால் இருவர் ஆட்டத்தில் அது ஒன்றுக்கு மூன்று. நால்வர் ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்பது. இவ்வாறு எதிரிகளின் எண்ணிக்கைக்கேற்ப வலிமை பெருகும் சீட்டுகளே பலர் ஆட்டத்தில் மதிப்பு மிக்கவை. ‘சைஃபன் மைண்ட்’ மற்ற ஒவ்வொருவரையும் ஒரு சீட்டைக் கழிக்கச் செய்து, கழிந்த ஒவ்வொன்றுக்கும் ஏவியவருக்கு ஒரு சீட்டு தருகிறது. இருவர் ஆட்டத்தில் அதன் விலைக்கு அது எளிய பயனே தரும்; நால்வர் ஆட்டத்தில் அதே விலைக்கு மூன்று சீட்டுகள்.

பார்வையை ஆளும் உத்திகள்

எண்ணிக்கை ஒரு பகுதியே. பலர் ஆட்டத்தில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன் ஒரு தெரிவு நிகழ்கிறது: யாரைத் தாக்குவது? இத்தெரிவைத் தன்பால் வராமல் திருப்புவதே ஓர் உத்தியாகிறது. பலர் ஆட்டம் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த ஆன்டனி அலோங்கி, இந்நோக்கில் சீட்டுகளை விலங்குகளின் பெயரால் பகுத்தார். கிலுகிலுப்பைப் பாம்பு, சிலந்தி, கொரில்லா, புறா, மிதவை நுண்ணுயிர், கரப்பான் என்பன அவ்வகைகள். எல்லாம் ஒரே நிறை உடையன அல்ல. கொரில்லா பெருந்தாக்கமும், கரப்பான் சிறிதாகத் திரும்பத் திரும்ப நிகழும் பயனும் குறிப்பன. இவை இருவர் ஆட்டத்திலும் உள்ளவையே. எதிரிகள் பெருகப் பெருக வலுக்கும் புறாவுக்கு எடுத்துக்காட்டு மேலே கூறப்பட்டது. எஞ்சிய மூன்றுமே பலர் ஆட்டத்தின் இயல்பைக் காட்டுவன.

கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஒலித்து எச்சரிப்பது. கடிப்பதைக் காட்டிலும் கடிக்கவல்லது என அறிவிப்பதே அதன் பாதுகாப்பு. தம்மைத் தாக்கிச் சேதம் விளைவிக்கும் உயிரினத்தை அழித்துவிடும் ‘நோ மெர்சி’ இவ்வகையினது. ‘புரொப்பகாண்டா’ என்ற சீட்டு, தம்மைத் தாக்கும் ஒவ்வோர் உயிரினத்துக்கும் எதிரி 2 மானா செலுத்த வேண்டும் என்கிறது. இருவர் ஆட்டத்தில் எதிரிக்கு வேறு இலக்கில்லை. வரியைச் செலுத்தியேனும் தாக்குவார். நால்வர் ஆட்டத்தில் வரியில்லாத இருவர் அருகிலேயே இருக்கின்றனர்; படை அங்குத் திரும்பும். சீட்டில் அச்சிடப்பட்ட சொல் ஒன்றும் மாறவில்லை; மேசையில் ஆட்கள் கூடியதால் அதன் வலிமை கூடிற்று. மதில் போலத் தோன்றும் இது உண்மையில் ஒரு வழித்திருப்பம்.

சிலந்தி இதற்கு நேர்மாறானது. களத்தில் ஒன்றும் இல்லாதவர் போலிருந்து, மானாவைச் செலவிடாமல் வைத்திருந்து, உரிய பொழுதில் கையிலிருந்து ஏவுவது. காலமறிதல் அதிகாரம் கொக்கின் ஒடுக்கத்தையும் குத்தையும் ஒருசேரக் கூறுவது இவ்வுத்திக்கு அப்படியே பொருந்தும். ‘சைக்ளோனிக் ரிஃப்ட்’ இதன் முதன்மைச் சான்று. 2 மானாவுக்கு எதிரியின் ஒரு சீட்டை அவர் கைக்குத் திருப்பும் எளிய மந்திரம் அது. 7 மானா செலுத்தினால், ஏவியவர் ஆளுகைக்குட்பட்டவையும் நிலங்களும் நீங்கலாகக் களத்திலுள்ள எல்லாமே உரியவர் கைகளுக்குத் திரும்பிவிடும். மற்றவர் முறையின் இறுதியில் ஏவப்பட்டால், அடுத்துவரும் தம் முறையில் ஏவியவர் வெறுங்களத்தின்மீது படைநடத்துவார்.

மிதவை நுண்ணுயிர் என்பது எல்லோருக்கும் உணவாவது. இவ்வகைச் சீட்டுகளால் அமைந்த கட்டை ‘குரூப் ஹக்’ என்பர். கொடை உத்தி எனலாம். ‘ஹவ்லிங் மைன்’ ஒவ்வொருவருக்கும் அவரவர் முறையில் ஒரு சீட்டு கூடுதலாகத் தருகிறது. அதை இறக்கியவர் தம் அடுத்த முறை வருமுன் மூன்று எதிரிகளுக்கும் கொடுத்து முடித்திருப்பார். ஆட்டக் கணக்கில் இது நட்டம். அந்நட்டத்துக்கு ஈடாக எதிர்பார்க்கப்படுவது மற்றவர் நன்மதிப்பு. அள்ளித் தருபவரை முதலில் வீழ்த்த யாரும் விரும்பார் என்ற கணிப்பு. 1996இல் ‘அலையன்சஸ்’ தொகுதியில் வந்த ஃபெல்டகிரிஃப் என்னும் சிறகுடைய நீர்யானை இவ்வுத்தியின் அடையாளம்; தன் ஒவ்வொரு திறத்தையும் பயன்படுத்தும்போது ஓர் எதிரிக்கு ஒரு குட்டி நீர்யானையையோ உயிர்ப்புள்ளியையோ சீட்டையோ அது அளிக்கிறது. அப்பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் கார்ஃபீல்டின் பெயரும் அவர்தம் முனைவர் பட்டமும் கிடைக்கும். பட்டம் இத்தகைய பயனும் உடைத்து.

கொடை உத்தியின் குறை அதன் கணிப்பில் உள்ளது. கொடை மூவர்க்கும் சமமாகச் சென்றாலும் அதைப் பயன்படுத்தும் ஆற்றல் சமமன்று. மிகுதியான சீட்டால் மிக விரைவில் பயன்பெறுவது இணைப்புக் கட்டு வைத்திருப்பவரே. நடுநிலை எனக் கருதிச் செய்த கொடை ஒருவருக்கு முடிசூட்டுவதாக முடிகிறது. மற்ற இருவரும் அதைக் கொடையாளரின் தவறாகவே காண்கின்றனர்.

நட்பின் கணக்கும் இவ்வாறே நிலையற்றது. ‘முந்நூற்று நான்கு’ ஆட்டத்தில் எதிரே அமர்ந்தவர் கடைசிவரை துணைவர். கமாண்டர் மேசையில் துணை என்பது ஒரு சுற்றுக்கோ ஒரு தாக்குதலுக்கோ செய்துகொள்ளும் வாய்மொழி உடன்பாடு. அதைக் காக்குமாறு எந்த விதியும் கட்டாயப்படுத்துவதில்லை. வலியறிதல் அதிகாரம் எண்ணிப் பார்க்கச் சொல்லும் வலிமைகளுள் துணைவர்தம் வலிமையும் ஒன்று. இருவர் ஆட்டத்தில் அதற்கு இடமே இல்லை. பகைத்திறம் தெரிதல் இன்னும் நெருங்கிப் பேசுகிறது: துணையின்றித் தனித்து நிற்பவனுக்குப் பகை இரண்டாயின் அவற்றுள் ஒன்றைத் துணையாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் அறிவுரை. புறத்திணை மரபின் இருதரப்புக் களத்தைக் காட்டிலும், பல அண்டை வேந்தரை ஒருங்கு எண்ணும் பொருட்பாலின் சிந்தனை இவ்வாட்டத்தை விளக்கத் தக்கதாக இருப்பது இதனாலேயே. 2016இல் வெளிவந்த ‘கான்ஸ்பிரசி: டேக் தி கிரவுன்’ தொகுதி இவ்வரசியலை விதியாகவே ஆக்கிற்று. அதில் அறிமுகமான ‘மொனார்க்’ நிலையில் இருப்பவர் தம் முறையின் முடிவில் ஒரு சீட்டு கூடுதலாக எடுப்பார். அவரைத் தம் உயிரினத்தால் போரில் தாக்கிச் சேதம் விளைவிப்பவருக்கு அம்முடி மாறும். தாக்காமல் காத்திருப்பதே இலாபம் என்னும் தேக்கத்தை முடியாசை உடைக்கிறது.

யார் செலவிடுவது?

மூன்றாமவர் சிக்கலின் மிக நுண்ணிய வடிவம் ஒரு சிறிய சீட்டில் புலப்படுகிறது. 2000ஆம் ஆண்டின் ‘ப்ராஃபெசி’ தொகுதியில் எளிதில் கிடைக்கும் சீட்டாக வெளிவந்தது ‘ரிஸ்டிக் ஸ்டடி’. எதிரி மந்திரம் ஏவும்போதெல்லாம், அவர் 1 மானா கூடுதலாகச் செலுத்தாவிடில், உடையவர் ஒரு சீட்டு எடுக்கலாம். இருவர் ஆட்டத்தில் எதிரியின் கணக்கு எளியது; செலுத்தாவிட்டால் இழப்பு முழுவதும் அவருடையதே. நால்வர் ஆட்டத்தில் செலுத்துபவர் தம் வேகத்தைத் தாமே இழக்கிறார். செலுத்தாதவரோ வேகத்தைக் காத்துக்கொள்கிறார், அவரால் விளைந்த தீங்கு மூவர்மீதும் பகிரப்படுகிறது. மூவரும் தத்தம் அளவில் அறிவோடு நடந்து, செலுத்தாமல் விடுகின்றனர். மூவரும் சேர்ந்து உடையவரின் கையை நிரப்புகின்றனர். ஆட்டக்கோட்பாட்டில் பொதுநன்மைச் சிக்கல் எனப்படுவதன் தூய எடுத்துக்காட்டு இது. ஊர்ப்பொதுக் கண்மாயைத் தூர்வாரும் முறை வரும்போது ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைப் பார்ப்பதோடு இது ஒக்கும்.

இதே சிக்கல் வெற்றியின் விளிம்பில் கடுமையாகிறது. ஆட்ட விதிப்படி, ஒருவர் மந்திரம் ஏவியபின் அதற்கு மறுவினை செய்யும் உரிமை முறைவரிசையில் சுழலும். எல்லோரும் தொடர்ந்து விட்டுக்கொடுத்தால் மந்திரம் பலிக்கும். முதலாமவர் ஆட்டத்தை முடிக்கும் மந்திரத்தை ஏவினார் எனக் கொள்க. இரண்டாமவர் கையில் முறிமந்திரம் உண்டு. அதை அவர் செலவிட்டால் நால்வரும் பிழைப்பர், செலவு அவருடையது. அவர் விட்டுக்கொடுத்தால் மூன்றாமவரோ நான்காமவரோ முறிக்கலாம். அப்போது இரண்டாமவரின் முறிமந்திரம் கையிலேயே எஞ்சும். ஆனால் பின்னுள்ள இருவரிடமும் முறிமந்திரம் இல்லையெனில் ஆட்டம் அங்கேயே முடியும். வரிசையில் கடைசியாக இருப்பவருக்குத் தெரிவே இல்லை. முறிக்க இயன்றால் முறித்தாக வேண்டும். முன்னிருப்பவர்கள் இதை அறிந்து சுமையைப் பின்னே தள்ளுகின்றனர். இதனால் ஏவியவருக்கு அடுத்து அமர்ந்தவர் விட்டுக்கொடுக்கும்போது அவர் முகமும் சொல்லும் ஆட்டத்தின் பகுதியாகின்றன. அவர் கைவெறுமையால் விட்டாரா, நிறைவால் விட்டாரா என்பதைப் பின்னிருப்பவர் ஊகிக்க வேண்டும். நான்காமவர் முறித்தபின் ஏவியவர் அம்முறிமந்திரத்தையே முறித்தால் உரிமை மீண்டும் சுழலும். முதலில் ஒளித்தவர் இப்போது மீண்டும் அதே வினாவை எதிர்கொள்கிறார்.

கட்டமைப்பு நோக்கில் இதன் விளைவு வியப்பானது. முறிமந்திரங்களைக் குறைவாக வைத்து, மற்றவர் முறிப்பர் என நம்பும் கட்டு ஒரு மேசையில் சிறப்பாக ஆடும். நால்வரும் அவ்வாறே அமைத்துவந்தால் முதலில் முயல்பவர் வெல்வார். ஒரு கட்டின் தகுதி அதன் சீட்டுகளில் மட்டும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இவ்வாட்டத்தில் இல்லை.

மூன்றாமவரை நீக்கும் உத்தி

இதுவரை கூறிய இடர்களையெல்லாம் ஓர் உத்தி தாண்டிச் செல்கிறது. இணைப்புக் கட்டுக்கு 20 புள்ளியும் 40 புள்ளியும், ஓர் எதிரியும் மூன்று எதிரிகளும் ஒன்றே. இன்று மிகவும் அறியப்பட்ட இணைப்பு ‘தாசாஸ் ஆரக்கிள்’, ‘டெமானிக் கன்சல்டேஷன்’ என்னும் இரண்டு. முன்னது களத்துக்கு வரும்போது, ஆடுபவர் நீலநிறத்தின்பால் கொண்ட ஈடுபாட்டளவு அவர்தம் எடுப்புக்கட்டில் எஞ்சிய சீட்டுகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் அவரே வென்றவர். பின்னது, பெயர் சொல்லிய சீட்டு கிடைக்கும்வரை கட்டிலுள்ளவற்றை ஆட்டத்திலிருந்து நீக்குவது. கட்டில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னால் கட்டு முழுவதும் நீங்கும், எஞ்சியது சுழியம், ஆட்டம் முடிந்தது. இரண்டின் மொத்தச் செலவு 3 மானா. மூவரின் 120 புள்ளிகளும் தொடப்படாமலே இருக்கும்.

இவ்வுத்தி பலர் ஆட்டத்தை மீண்டும் இருவர் ஆட்டமாக்குகிறது: ஒருபுறம் ஏவுபவர், மறுபுறம் முறிக்கவல்லவர் யாரோ அவர். எச்சரித்தல், வழிதிருப்பல், கொடை, உடன்பாடு ஆகிய எல்லாம் பயனற்றுப்போகின்றன. இதற்கு எதிராக எழுந்தது ‘ஸ்டாக்ஸ்’ எனும் முடக்க உத்தி. ஒரு முறையில் ஒரு மந்திரமே, கட்டைத் துழாவித் தேடலாகாது என்பன போன்ற தடைகளை எல்லோர்மீதும் விதித்து, அத்தடைகளுக்கேற்பத் தன்னை மட்டும் முன்னரே அமைத்துக்கொள்வது அது. இணைப்பு உத்தியைத் தடுப்பதில் வலியதாயினும், எளிய கட்டோடு பொழுதுபோக்க வந்தவரையும் அது முடக்குகிறது. தோற்பதைக் காட்டிலும் ஒன்றும் செய்யவியலாமல் ஒரு மணிநேரம் அமர்ந்திருப்பதையே ஆடுவோர் பெரிதும் வெறுப்பதால், இவ்விரு உத்திகளையும் பற்றிய பூசல் களத்துக்கு வெளியே தொடர்கிறது.

அப்பூசல் 2024இல் வெளிப்படையாயிற்று. மெனெரி 2023 செப்டம்பரில் மறைந்தார். அவர் உறுப்பினராக இருந்த, நிறுவனம் சாராத விதிக்குழு 2024 செப்டம்பரில் மானா கிரிப்ட், ஜூவல்ட் லோட்டஸ், டாக்சைடு எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு ஆகிய நான்கு சீட்டுகளைத் தடைசெய்தது. முதல் இரண்டும் செலவேயின்றிக் களமிறங்கித் தொடக்க முறைகளிலேயே ஆற்றலைப் பெருக்குபவை. விரைவு ஆற்றல் ஏன் இத்துணைப் பெரிய சிக்கலாகிறது என்பதை மேற்கண்ட விளக்கம் காட்டும்: பலர் ஆட்டத்தின் தற்காப்பு, மூவரும் கண்டு, எண்ணி, ஒன்றுகூடி மறுவினை செய்வதற்கான கால இடைவெளியில் உள்ளது, விரைவு ஆற்றல் பறிப்பது அவ்விடைவெளியையே. ஆனால் தடைசெய்யப்பட்டவற்றுள் சில விலையுயர்ந்த சீட்டுகள். குழுவினர்க்கு மிரட்டல்கள் வந்தன. அம்மாத இறுதியிலேயே வடிவத்தின் பொறுப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

நிறுவனம் 2025 பிப்ரவரியில் சோதனை முறையாக ஐந்து படிநிலைகளை அறிவித்தது. முதற்படி, கருப்பொருளுக்காக மட்டும் அமைத்த கட்டுகளுக்குரியது. ஐந்தாம் படி, வெற்றியொன்றையே கருதும் போட்டிக் கட்டுகளுக்குரியது. ஆட்டப்போக்கையே மாற்றவல்லவை எனத் தனிப்பட்டியலிடப்பட்ட சீட்டுகள் முதலிரு படிகளில் இடம்பெறலாகா. மூன்றாம் படியில் மூன்றுவரை இடம்பெறலாம். ரிஸ்டிக் ஸ்டடி, சைக்ளோனிக் ரிஃப்ட், தாசாஸ் ஆரக்கிள் மூன்றும் அம்முதற்பட்டியலில் இருந்தன. இத்தெரிவு தற்செயலானதன்று. முதலாவது மூவரின் ஒற்றுமையின்மையால் வளர்வது. இரண்டாவது மூவரின் களத்தையும் ஒருங்கே வெறுமையாக்குவது. மூன்றாவது மூவரையும் பொருட்படுத்தாமல் முடிப்பது.

எனினும் பட்டியலில் உள்ள சீட்டு ஒன்றேனும் இல்லாமல், ஐந்தாம் படிக்கட்டுக்கு நிகராக விரையும் கட்டை அமைத்தல் திறமுடையார்க்கு இயலும். அத்தகைய கட்டை இரண்டாம் படியினது என அறிவித்து அமர்பவரைத் தடுக்க விதியில் வழியில்லை. ஆட்டம் தொடங்குமுன் நால்வரும் தத்தம் கட்டின் நோக்கத்தையும், எத்தனையாம் முறையில் வெல்ல எதிர்பார்க்கிறது என்பதையும் சொல்லிக்கொள்ளும் உரையாடலே அவ்விடத்தை நிரப்புகிறது. அவ்வுரையாடலில் தம் கட்டைத் தாழ்த்திச் சொல்வதால் பயன் உண்டு. சொன்னது பொய்யெனத் தெரிந்தபின் அம்மேசையில் அடுத்த ஆட்டத்தில் மூவரும் முதலில் தாக்குவது அவரையே.